பெரியப்பா இலை மடிக்கும் வரை

ஜன. 11, சனி
ஜனவரியிலும் புழுக்கம். வாங்க வேண்டியவை: வெல்லம், மஞ்சள் கொத்து, வாழை இலை ஐந்து (பயிற்சிக்கு).

செவ்வாயன்று மயிலாப்பூரில் மச்சாண்டார் (யாழினிக்குப் பெரியப்பா) வீட்டில் பொங்கல் சாப்பாடு. தரையில் பந்தி. அவர் இலையை மடிக்கும் வரை யாரும் எழக் கூடாது. எப்படியும் அரை மணி. தீபாவளிக்கு யாழினி ஏழாவது நிமிடம் எழுந்து, அவர் இலையையே தாண்டி ஓடினாள். ஓரகத்தி எல்லார் முன்னாலும், "எட்டு வயசுப் பொண்ண உக்கார வெக்கத் தெரியல உனக்கு." ஏ.டி.எச்.டி., அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று நாலு தடவை விளக்கியாயிற்று. "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது?"

இந்தத் தடவை ஓரகத்தி வாயை அடைக்க வேண்டும்.

மதியம் ஹாலில் இலை போட்டுப் பயிற்சி. ஆறு நிமிடம். பிறகு பல்லி, காலிங் பெல், தண்ணீர், மறுபடி பல்லி. எனக்குத் தலைவலி. இவர் ஃபோனிலிருந்து தலை தூக்காமல், "விடேன்."

ஜன. 13, திங்கள்
போகிப் புகை. வேளச்சேரி முழுக்க டயர் நாற்றம். தொண்டை கரகரப்பு.

ஒன்பது நிமிடம். சாயங்காலம் பன்னிரண்டு.

டாக்டர் சொன்னது வேறு: நடுவில் எழ விடுங்கள், அப்பளம் பரிமாறுவது மாதிரி ஏதாவது வேலை கொடுங்கள். அந்த வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

இலையை நம் பக்கமாக மடிக்கக் கற்றுக் கொடுத்தேன். அது மட்டும் பிடித்துவிட்டது. மடித்து, பிரித்து, மடித்து.

"நான் ஓடலன்னா உனக்கு ஹாப்பியாம்மா?"
"ரொம்ப."

ஜன. 14, செவ்வாய்
நல்ல வெயில். கிளம்பவே லேட். டிரைவர்: "இன்னாமா, பொங்கலும் அதுவுமா இம்மா லேட்டா கெளம்பிக்கினு கீறீங்க?"

உட்கார்ந்தாள்! முழுசாக, முப்பத்தைந்து நிமிடம். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன், வரிசைக் கடைசியில் அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. அசையவில்லை. மச்சாண்டார் மடித்தார், அவளும் மடித்தாள். ஓரகத்தி, "பரவால்லையே, பொண்ணு இருக்கற எடமே தெரியல."

பூரித்துப் போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இலை எடுக்கக் குனிந்தால், அவளுடையது மட்டும் கனம். பிரித்தேன். வைத்தது வைத்தபடி. வடை, சர்க்கரைப் பொங்கல், உயிரையே விடுவாளே அந்த உருளைக்கிழங்கு வறுவல் கூட.

வாசலில் கேட்டேன். "ஏண்டி சாப்பிடல?"
"சாப்பிட்டா உக்கார முடியலம்மா. ரெண்டுல ஒண்ணுதான் முடியுது."
செருப்பை மாட்டிக்கொண்டே, "ஹாப்பியா?"

வீட்டுக்கு வந்து தயிர் சாதம். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தபடியே இரண்டு கிண்ணம். நான் அவள் பின்னாலேயே கிண்ணத்தோடு. அழுகை வந்தது.

ஜன. 15, புதன்
இடுப்பு வலி. துவைக்க இரண்டு பக்கெட். காஸ் புக் பண்ண வேண்டும்.

பதினோரு மணிக்கு ஓரகத்தி ஃபோன். "வருஷப் பொறப்புக்கும் இதே மாதிரி உக்கார வெச்சிடு."

"இல்லக்கா. அவ அப்பளம் பரிமாறட்டும். நடுநடுவுல வந்து சாப்பிடுவா."

ஓரகத்தி, "மறுபடி அவரு எலையத் தாண்டினா?"

"தாண்டுவாக்கா. ஆனா சாப்பிடுவா."