ஆதாரம் இல்லாத வரி

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பின் மச்சான் அறிய,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் ஆகிலாவும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். நீங்கள் பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் கதைக்கிறவளுக்குக் கடிதம் என்னத்துக்கு என்று சிரிப்பீர்கள். போனில் நாம் கதைப்பதெல்லாம் சீமெந்தும் டைலும்தான். பக்கத்தில் ஆகிலாவும் இருப்பாள். லீவு முடிந்து உங்கள் அறையில் இருக்கிற பர்ஸான் ஞாயிற்றுக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான். அவனிடம் சூரைக் கருவாட்டையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். கருவாட்டை அறையில் உள்ளவர்களோடு பகிர்ந்து சாப்பிடுங்கள். கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

மேசன் மீராமுகைதீன் காக்கா நேற்றும் வந்து போனார். ஆகிலாவுக்கென்று எழுப்புகிற மேல்மாடித் தூண் கம்பிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டனவாம். வேலையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். போன கிழமை நீங்கள் சொன்னீர்கள், இந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கப் போகிறேன், மேல்மாடி முடிந்ததும் வந்துவிடுவேன் என்று. நானும் ஓம் என்றேன். அந்த ஓமைச் சரியாக யோசித்துச் சொல்லவில்லை, மச்சான். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருடம் பதினோராம் ஆண்டுக்கு நான்தான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆகிலாவும் அந்த வகுப்புத்தான். பாடசாலையில் நான் அவளுக்கு டீச்சர், வீட்டுக்கு வந்தால் உம்மா. இதுவரைக்கும் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை.

உங்களுடைய அந்த நாய்க்கதையை வகுப்பில் இப்போதும் சொல்வேன். நினைவிருக்கிறதா? நாம் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்த முதல் வருடம். ‘என் செல்லப்பிராணி’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னீர்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஜிம்மி என்ற வெள்ளை நாயைப் பற்றி எழுதினார்கள். அது எங்களோடு ஒரே கட்டிலில் தூங்கும் என்று வேறு எழுதியிருந்தார்கள். எல்லாம் கட்டுரைப் புத்தகத்தில் பாடமாக்கியது! எங்கட ஊரில் நாய் வாசற்படிக்கு வந்தாலே உம்மாமார் விளக்குமாற்றை எடுப்பார்கள். நீங்கள் கோபிக்கவில்லை. ஜிம்மி இருக்கிற வீட்டுக்காரர்கள் கையை உயர்த்துங்கள் என்றீர்கள். ஒரு கையும் எழும்பவில்லை. அடுத்த வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கு உங்கள் வகுப்புச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் உங்களை எட்டிப் பார்த்தேன். பிறகு பார்த்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு நீங்கள் கரும்பலகையில் எழுதிய இரண்டு கேள்விகளை வைத்துத்தான் நான் இன்னும் பிழைக்கிறேன். இது உனக்கு எப்படித் தெரியும்? இதற்கு மறுபக்கம் என்ன? கல்முனைச் சந்தையில் விற்ற சர்வரோக எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, அதில் எழுதியிருந்ததை வரி வரியாக விசாரிக்க வைத்தீர்கள். பெற்றோர் முறைப்பாடு கொண்டு வந்தார்கள், பிள்ளைகள் வீட்டில் எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிறார்கள் என்று. காரணம் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி அவர்களுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தீர்கள். எவ்வளவு நல்ல காலம் அது. அந்த ஆளை என் மனம் மிகவும் தேடுகிறது.

இப்போதைய அதிபருக்கு இதெல்லாம் பிடிக்காது. “சோதினைக்கு வராத்தப் படிப்பிச்சி என்ன டீச்சர் பிரயோசனம்?” என்று கேட்கிறார். நான் தலையாட்டிவிட்டு வகுப்புக்குள் போய் என் வேலையைப் பார்ப்பேன். ஊரே சரியென்று ஒப்புக்கொண்ட ஒரு விசயத்தை எடுத்து, பிள்ளைகள் கொப்பியின் இடப்பக்கத்தில் அதை ஆதரித்தும் வலப்பக்கத்தில் எதிர்த்தும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும். பிழை ஆங்கிலத்துக்குப் புள்ளி குறைக்க மாட்டேன், ஆதாரம் இல்லாவிட்டால் குறைப்பேன். பிள்ளைகள் டியூசனையும் போனையும் பற்றி எழுதினார்கள். ஆகிலா எடுத்த தலைப்பு, மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டிக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது.

நன்றாக எழுதியிருந்தாள், மச்சான். ஆதரித்து எழுதியதும் பொய்யில்லை. ‘சொந்த வீடு உள்ள பெண்ணை ஒருவரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. ஆதாரம், என் உம்மா. மாமியோடு கோபித்துக்கொண்டு அவ ஒரு நாளும் அழுததில்லை’ என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எதிர்ப்பக்கத்தில் எழுதியிருந்ததை அப்படியே தமிழில் தருகிறேன். ‘வாப்பா போகும்போது எனக்கு ஐந்து வயது. பதினொரு வருடத்தில் அவர் எங்களோடு இருந்தது பத்து மாதம். ஆதாரம், அவருடைய பாஸ்போட்டில் உள்ள முத்திரைகள். ஒரு வீட்டுக்குப் பதிலாக ஒரு வாப்பாவைக் கொடுப்பது சரியான மாற்று இல்லை.’ நீங்கள் லீவில் வந்திருந்தபோது அந்தப் பாஸ்போட்டை எந்த நேரம் எடுத்துப் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது.

அதைப் படித்த கையோடு மறுபடி இடப்பக்கத்துக்கு வந்தேன். கடைசி வரியாக, ‘என் வாப்பா இதைச் சந்தோசமாகத்தான் செய்கிறார்’ என்று இருந்தது. ஆதாரம் இல்லை. முப்பத்தாறு கொப்பி திருத்திய பழக்கத்தில் கை தன்பாட்டில் கோடு கீறி, இது உனக்கு எப்படித் தெரியும் என்று எழுதிவிட்டது. யாருடைய கொப்பி என்பது கோடு கீறின பிறகுதான் உறைத்தது.

மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆகிலா கொப்பியோடு குசினிக்கு வந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சர் என்று கூப்பிட்டாள். வீட்டுக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “இந்த வரி நான் யோசிச்சி எழுதினல்ல. நீங்க சொன்னது. சின்ன வயசில இரிந்து நீங்கதான் சொல்ற, வாப்பா சந்தோசமாத்தான் அங்க இரிக்காரெண்டு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? வாப்பாக்கிட்டக் கேட்டிரிக்கீங்களா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆதாரத்தைச் சொன்னால் எழுதிக்கொண்டு போகலாம் என்று பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கேட்டதில்லை, மச்சான். பதினொரு வருடத்தில் ஒரு தரமும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்தான். வேலையை விட்டுப் போங்கள், பெண் பிள்ளை இருக்கிறது, அரசாங்கச் சம்பளத்தில் அத்திவாரம்கூட எழும்பாது என்று உங்களை அனுப்பி வைத்தவள் நான். கரும்பலகையில் அப்படிக் கேள்வி எழுதிய மனிதரான நீங்கள் அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியைக் கட்டினீர்கள். நீங்கள் கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

மகளிடம் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் அந்த வரியை அழிக்கவில்லை, ஆதாரம் வரும் என்று பென்சிலால் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறாள். வீடு எனக்கும் பிடித்த வீடுதான், பொய் சொல்ல மாட்டேன். கீழ் வீட்டில் மூன்று அறை இருக்கிறது. மேல்மாடி இல்லையென்று வராமல் போகிற மாப்பிள்ளை வராமலே இருக்கட்டும். இங்கே ஆங்கிலம் படிப்பிக்க ஆள் கிடைக்காமல் ஊர் தேடுகிறது. மீராமுகைதீன் காக்காவிடம் கம்பிக்குச் சீமெந்து பூசி மூடிவிடச் சொல்லலாம்.

ஆனால் நான் முடிவு சொல்ல வரவில்லை. ஒரு தரம் நான் சொல்லி நீங்கள் செய்தது போதும். கையொப்பம் வைப்பதற்கு முதல் ஒரு தாளை எடுத்து, இருப்பதா வருவதா என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். உங்கள் முழங்கால் வலியை எழுதுங்கள், அங்கே உங்களுக்குப் பிடித்தது ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பக்கத்திலும் ஆகிலாவின் பெயரை எழுத வேண்டாம், அவளைக் காரணம் காட்டியே பதினொரு வருடம் போய்விட்டது. என் பெயரை எழுதலாம். எந்தப் பக்கத்தில் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அல்லாஹ் உங்களைச் சுகத்தோடு எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மர்ஷூதா