கடைசியாகக் கதவைத் திறந்தவர்

மார்ச் 4

இன்று ஒரு பக்கம் எழுதப் போகிறேன். கை வலிக்கும். வலிக்கட்டும், அறுபத்தெட்டு வருஷம் எழுத்துத் தெரியாமல் சும்மா இருந்த கைதானே.

கிடங்கில் குளிர் அறைக் கதவு நேற்று மதியம் திறந்தே கிடந்ததாம். முந்நூறு பெட்டி ரோஜா வாடிவிட்டது. "பெரியவரே, சாத்தாம வந்துட்டீங்க. வயசாச்சுல்ல?" என்றார் மேலாளர். காவல்காரன் நான், சாத்திவிட்டுத்தான் வந்தேன். 'டக்' என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காதை யார் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்?

மார்ச் 5

அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தால் கணினிக் கோப்பில் ஒரு வரி விழும். சாத்தினால் விழாது. நல்லதை யார் எழுதி வைக்கிறார்கள்!

மாதத்துக்கு நாற்பதாயிரம் வரி. அதில் தேட, கணினி அறைப் பெண் ஒரு கட்டளை வைத்திருக்கிறாள். பெயர் கிரெப். தவளை கத்துகிற மாதிரி இருக்கிறது. சொல்லைக் கொடுத்தால் அது உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும்.

பொறுக்கித் தந்தது. மூன்றாம் தேதி மதியம் கடைசி வரி, 1.40, என் அட்டை.

"நான் என்ன தாத்தா பண்றது? கம்ப்யூட்டர் சொல்லுது" என்றாள் அவள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் மேலாளர். இந்த வாரத்தோடு நான் நின்றுகொள்ள வேண்டுமாம்.

மார்ச் 6

சோறு இறங்கல. சாத்தினேனா? சாத்தினேன்டா!

மார்ச் 7

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பார்க்கப் போனேன். அதற்கு மேலே கட்டளையும் இருந்தது. அவள் ஒரு நொடியில் தட்டியதை நான் கால் மணி நேரம் எழுத்துக் கூட்டினேன்.

"அத ஏன் தாத்தா படிக்கிறீங்க? அத யாருமே படிக்க மாட்டாங்க."

எழுத்து என்றால் நான் எதையும் விடுவதில்லை, மருந்துச் சீட்டு உட்பட. கடைசியில் ஒரு சின்னக் கோடு, ஆங்கில 'வி', பிறகு ஓர் எண்.

"இது என்னம்மா?"

"அந்த நம்பர் இருக்கற வரிய விட்டுடுன்னு அர்த்தம். மேனேஜர் சாரோட அட்டை. 'என் போக்குவரத்தெல்லாம் பட்டியல்ல எதுக்கு?'ன்னு வந்த அன்னிக்கே சொன்னாரு. அதுலேருந்து அப்படியே…" வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்துட்டுத் தேடும்மா."

எடுத்தாள். 1.40-க்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்தது. 2.05. விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் அவரேதான்.

எல்லோரையும் சல்லடை போட்டுத் தேடியவர், தான் மட்டும் சல்லடைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்!

மார்ச் 8

முதலாளி முன்னால் அந்தப் பெண்ணே தாளை நீட்டினாள். மேலாளர் பார்த்தார். "சிஸ்டத்துல ஏதோ தப்பு" என்றார். மூன்று நாள் முன்பு வரை பொய் சொல்லாத கம்ப்யூட்டர்.

மார்ச் 10

வேலை இருக்கிறது. மன்னிப்பு வரவில்லை. அதற்கும் ஒரு 'வி' போட்டிருப்பார்.

மார்ச் 19

மேலாளர் குளிர் அறைக்குள் போய் வந்தார். கதவைச் சாத்தினார். பிடியை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"சாத்தியாச்சு பெரியவரே. பாத்துக்கிட்டீங்கல்ல?"

"பாத்துக்கிட்டேன் சார்" என்றேன், உட்கார்ந்தபடியே.