திருத்திய பாட்டு

அன்புத் தம்பிக்கு,

"அக்கா, புது ஆல்பம் கேட்டியே, என் குரல் நடுங்குதா?" என்று போன வாரம் கேட்டாய். "போடா, உனக்கு என்ன குறைச்சல்!" என்று மழுப்பினேன்.

மறுநாளே உனக்குத் தெரியாமல் ஒலிப்பதிவாளரிடம் போய், மறைந்த உன் மனைவியை நினைத்து நீ பாடிய பாட்டில் மட்டும் நடுக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். நாட்டுப்பாட்டும் கிதாருமாக மேடையை அதிரவைத்த உன்னை, கிழவன் என்று யாரும் சிரித்துவிடக் கூடாதே என்ற பயம்.

இன்று கேட்டேன். பிசிறே இல்லை, நீயும் இல்லை. நான் பள்ளியில் டீச்சராக இருந்தபோது, பிள்ளை வரைந்த கோணல் வீட்டை அளவுகோல் வைத்துத் திருத்தினால், "இது என் வீடு இல்ல டீச்சர்" என்று அழுமே, அப்படி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளிவருகிறது. என்னைப் பிறகு திட்டிக்கொள். முதலில் ஒலிப்பதிவாளரை அழைத்து, நீ பாடியதை அப்படியே போடச் சொல்.

உன் அக்கா