இடைவேளையில் வராத சோடா

அம்மா,

நேற்றுப் பின்னேரம் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடா வாங்கினேன். கடுகண்ணாவையில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய களைப்பு, வெயில் வேறு. கடைக்காரர் மூடியைத் திறந்து கையில் தந்ததும் ஒரேஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. வாய்வரைக்கும் கொண்டுபோன போத்தலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "என்னங்கம்மா, கூல் பத்தலையா?" என்று அவர் கேட்டார். நல்ல குளிர்தான். எனக்குத்தான் இறங்கவில்லை. பைக்குள் நிமிர்த்தி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் பாதி சிந்திவிட்டது. மீதி இப்போது மேசையில் என் எதிரே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்துச் சோடாவை நீ மறந்திருக்க மாட்டாய். மஹய்யாவயில் நம் வீடு இரண்டு அறைதான். பெண் பார்க்க நாலு பேர் வந்தால் அப்பா வெளியில் நிற்க வேண்டும். வந்தவர்கள் வேண்டாம் என்று போய்விட்டால் அந்த வரிசை வீடுகள் முழுக்கப் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். அதனால் நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். டவுனில் படம் பார்க்கப் போவது போலப் போவது. பெண் வீட்டார் முன் வரிசையில், மாப்பிள்ளை வீட்டார் பின் வரிசையில். இடைவேளையில் விளக்குப் போடும்போது பார்த்துக்கொள்வார்கள். பிடித்திருந்தால் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குச் சோடா வரும். பிடிக்காவிட்டால் வராது. ஒருவரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. படம் பார்த்தோம், வீட்டுக்கு வந்தோம், அவ்வளவுதான். மானம் போகாமல் மறுக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்றுவரை கண்டதில்லை.

எனக்கு வந்தவர்கள் மாத்தளைக்காரர்கள். அரிசிக்கடை. பையனுடைய போட்டோவை அப்பா ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் காட்டினார். எனக்குப் பிடித்திருந்தது. அதை நான் சொல்லவில்லை, ஆனால் அன்று பாத்திரம் கழுவும்போது நான் பாடிக்கொண்டிருந்ததாக நீ பிறகு சொன்னாய்.

புதுப்படம் என்றுதான் அப்பா டிக்கட் எடுத்திருந்தார். பால்கனி டிக்கட். அவர் வேலை பார்த்த துணிக்கடை முதலாளியே பால்கனியில் உட்கார்ந்ததில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். தியேட்டர் வாசலுக்குப் போனால் வேறு பலகை மாட்டியிருந்தார்கள். கொழும்பிலிருந்து புதுப்படப் பெட்டி வந்து சேரவில்லையாம், அதற்குப் பதிலாக ஒரு பழைய யுத்தப் படம். பலகையில் மேலே ஆகாய விமானங்கள், கீழே தீ, நடுவில் ஒரு சிப்பாயும் ஒரு பெண்ணும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காதல் படம்தானே!

நீ நின்றுவிட்டாய். செருப்பு வார் அறுந்துவிட்டதோ என்று உன் காலைப் பார்த்தேன். அப்பாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"வீட்டுக்குப் போயிருவோம்," என்றார் அப்பா, பல்லுக்குள்ளே.

"அவங்க வந்துட்டாங்க, அங்க பாருங்க. இப்பப் போனா என்ன சொல்றது?" என்றாய் நீ. "எவ்வளவு காலமாச்சு. ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. வாங்க."

எதற்கு அடையாளம் என்று எனக்கு விளங்கவில்லை. மாத்தளைக்காரம்மா சிரித்துக்கொண்டே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டதால் கேட்கவும் நேரமில்லை.

படம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ பார்த்திராதது. லாரி ஓட்டும் ஒரு தமிழ்ச் சிப்பாய், ரங்கூனில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண். குண்டு விழும் நேரத்திலும் அவர்களுக்குப் பாட வராமல் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒளிந்துகொள்ள ஒரு ஹோட்டலுக்கு வருகிறார்கள். அங்கே மேடையில் ஒருத்தி ஆடிக்கொண்டிருக்கிறாள். முழங்காலுக்கு மேலே ஏறிய பாவாடை, தலையில் இறகு, விரலிடுக்கில் சிகரெட். கீழே மலிவு டிக்கட் கலரியில் விசில் கிளம்பியது. யாரோ சில்லறையை வேறு திரையை நோக்கி எறிந்தார்கள்.

நான் உன் காதருகே சாய்ந்து கேட்டேன். "யாரும்மா இது, இவ்வளவு அழகா?"

"பேசாம பாரு," என்றாய்.

பார்த்தேன். ஆட்டம் முடிந்து அவள் மேடையை விட்டு இறங்கும்போது புறங்கையால் மேலுதட்டு வியர்வையை ஒற்றினாள். இடது புறங்கை, பிறகு ஒரு சின்னத் தலைச் சிலுப்பல். அம்மா, நீ தோசைக்கல் முன்னால் இருக்கும்போது நான் தினமும் பார்த்ததல்லவா அது? உன் பக்கம் திரும்பினேன். திரை வெளிச்சத்தில் நீ நேரே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அந்தப் பக்கம் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கலரியில் விசில் இன்னும் நிற்கவில்லை. நான் தலையைக் குனிந்தேன். மடியில் கிடந்த என் கைகளை மட்டும் பார்த்தேன். அந்த விசிலெல்லாம் என் முதுகில் விழுவது போல இருந்தது. பின் வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு கூசியது.

அப்பா உன்னைச் சென்னையிலிருந்து கூட்டி வந்த கதை எனக்கு வேறு மாதிரிதான் சொல்லப்பட்டிருந்தது. துணி எடுக்கப் போன இடத்தில், திருச்சியில் மாமன் வீட்டில் வளர்ந்த தாயில்லாப் பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டாராம். மாமன் உண்மை, தாயில்லாததும் உண்மை. அந்த மாமன் உன்னைச் சென்னையில் சினிமா ஸ்டூடியோ வாசலில் விட்டதை மட்டும் நீங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். படம் வெளியே வரும் முன்னமே நீ கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிவிட்டாய்.

இடைவேளை வந்தது. விளக்குப் போட்டார்கள். சோடாக்காரர் போத்தல்களில் திறப்பானைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார். மாத்தளைக்காரம்மா என் பக்கம் எட்டிப் பார்த்து, "பொண்ணு தலையே நிமிரலையே, நல்ல அடக்கம்," என்று யாரிடமோ சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் சோடாக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டார். அம்மா, அந்தக் கை உயர்ந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரம் நீ சும்மா இருந்திருந்தால் போதும்.

நீ திரும்பி உட்கார்ந்தாய்.

"ஒரு நிமிஷங்க. சோடா வாங்க முந்தி ஒண்ணு சொல்லணும். அந்த ஹோட்டல்ல ஆடுனது நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி. சொல்லாம பொண்ணு குடுக்கிறது சரியில்ல."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, சோற்றுக்கு உப்புப் பத்தவில்லை என்று சொல்வது போலச் சொன்னாய். மாத்தளைக்காரம்மாவின் வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது. தகப்பனார் கையை இறக்கி வேட்டியைச் சரி செய்தார். சோடாக்காரர் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று, "எத்தனைங்க?" என்று கேட்டார். முடிவில் நீதான் உன் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்து ஒரு போத்தல் வாங்கி என் கையில் வைத்தாய். "குடி. தொண்டை காய்ஞ்சிருக்கும்."

நான் குடிக்கவில்லை. பால்கனியே என்னைப் பார்ப்பதாக எண்ணம். பெண் வீட்டாருக்குப் பெண் வீட்டாரே சோடா வாங்கிக் கொடுத்த கதை மஹய்யாவயில் அதற்கு முன்னால் நடந்ததே இல்லை. போத்தல் என் கையில் சூடாகிக்கொண்டே போனது. விளக்கை அணைத்த பிறகு நீ அதை வாங்கி நீயே குடித்துவிட்டாய்.

இரண்டாம் பாதியில் அந்த ஆடுகிறவள், தன்னுடைய படகுச் சீட்டைக் காதலர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கும்போது குண்டு விழுகிறது. மணலில் விழுந்து கிடக்கிறாள். காமிரா அவள் முகத்திலேயே வெகுநேரம் நின்றது. விசிலடித்த கலரியில் ஒரு சத்தமில்லை. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். நீ இரண்டு கையாலும் முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக, நீ சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். விளக்குப் போட்டபோது பின் வரிசை காலியாக இருந்தது.

அப்பா கடையில் வேலை இருக்கிறதென்று டவுனிலேயே நின்றுவிட்டார். நாம் இரண்டு பேரும் நடந்தோம். நீ பேசிக்கொண்டே வந்தாய், எனக்கு அதுதான் தாங்கவில்லை. "அந்த மணல்ல படுத்திருந்தப்ப கன்னத்துல எறும்பு ஏறிக் கடிச்சிருச்சு. செத்தவ அசையக்கூடாதுன்னு டைரக்டர் கத்துறாரு. கண்ணுல தண்ணி வந்திருச்சு. அது படத்துல தெரியுதான்னுதான் பார்த்தேன். தெரியல." அப்புறம் நீயே சிரித்தாய். நான் பின்னால் தள்ளி வந்தேன், தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தனியாக வருகிறவள் போல.

நீ நின்று திரும்பிப் பார்த்தாய்.

"ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அவங்களுக்குத் தெரியவே இல்லையே! சோடா வாங்கக் கையைக் காட்டிட்டாங்களே!"

"பொண்ணு பார்க்கிற இடத்துல பொண்ணு தலை குனியும். அது வழக்கம்," என்றாய். "அவங்களும் அப்படித்தான் நெனைச்சாங்க. ஆனா நீ எதுக்குக் குனிஞ்சேன்னு எனக்குத் தெரியும்ல? என்னை மறைச்சுக்கிட்டு நீ அந்த வீட்டுல எத்தனை நாளைக்குக் குனிஞ்சுக்கிட்டே இருப்ப?"

மீதி வழியும் பின்னாலேயேதான் வந்தேன்.

பிறகு கட்டுகஸ்தோட்டையிலிருந்து என்னைக் கேட்டு வந்தார்கள். இந்த முறை படமெல்லாம் வேண்டாம், வீட்டுக்கே வரட்டும் என்று நீ சொல்லிவிட்டாய். அவர்கள் பாயில் உட்கார்ந்து மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டார்கள், நீ சினிமாக் கதையை எடுத்துவிட்டாய். என் மாமியாராகப் போகிறவர், "ஆடினா ஆடிட்டுப் போறீங்க. எங்க வீட்டுல வந்து உங்கள ஆடவா சொல்லப் போறோம்?" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்தபடி கதவருகே நின்று, அந்தப் பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்தேன். நல்ல மனிதர்கள், என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மாமியார் மட்டும் எப்போதாவது கேலியாக அந்தப் படத்தின் பேரை எடுப்பார். நான் உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அவரும் போன பிறகு என் வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. நான் சொல்லவில்லை. நீ போனபோது என் மகள் கைக்குழந்தை. அவளுக்கு நீ சுவரில் மாலை போட்ட ஒரு படம், நெற்றி நிறையக் குங்குமம் வைத்த அம்மாச்சி, அவ்வளவுதான்.

நேற்று அவள் போனில் ஏதோ பழைய தமிழ்ப் படம் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாட்டைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. லாரி, டெலிபோன் ஆபீஸ், ஹோட்டல். மழை பெய்தது போலக் கோடு கோடாக இருந்த அந்தச் சின்னக் கண்ணாடியில் நீ வந்தாய், இறகும் சிகரெட்டுமாக. ஆடி முடித்து, மேடையை விட்டு இறங்கி, இடது புறங்கையால் மேலுதட்டை ஒற்றினாய்.

மகள் என் பக்கம் போனைத் திருப்பினாள். "யாரும்மா இது, இவ்வளவு அழகா இருக்காங்க?"

நான் கேட்ட அதே கேள்வி. எனக்கு இப்போது அன்றைய உன் வயதைவிட எவ்வளவோ அதிகம். என் மகளுக்குக் கல்யாணமாகி அவள் பிள்ளைகளே வளர்ந்துவிட்டார்கள். எவர் எழுந்து போனாலும் எனக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. இருந்தும், அம்மா, பதில் சொல்வதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, சம்பந்தியம்மா எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தது.

அவர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான், குரலைத் தாழ்த்தி, "உன் அம்மாச்சி," என்றேன்.

மகள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு, "அத்தே! அத்தே! இங்க வந்து எங்க அம்மாச்சியப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே பின்பக்கம் ஓடினாள்.

நான் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.