ஆமி மெஷின் ஓடிய ஞாயிறு

மேல் டிவிசன் லயம்,
டயகம.

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

அக்கா நாகலெட்சுமி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. உன் போன் வேலை செய்யவில்லை. கொழும்பில் நீ எங்கே ஒளிந்திருக்கிறாய் என்று ஃபாஸிலுக்கு மட்டும்தான் தெரியுமாம். மரக்கறி லொறியில் போகும்போது இதை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். முழுசாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நீ அவனிடம் சொல்லி அனுப்பியது என் காதுக்கு வந்தது. "மச்சான அடிச்சவன் கையத்தான் வெட்டுனேன், கழுத்த இல்ல, அக்காவ அழ வேணாம்னு சொல்லு" என்றாயாம். கேட்டதும் பிசைந்துகொண்டிருந்த மாவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது நல்லது. தம்பி, நீ திரும்பி வரவேண்டும். மச்சானை விஜிதரன் அடித்ததை மட்டும்தான் நீ பார்த்தாய். எதற்காக அடித்தார் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வரை நீ அங்கே நிற்கவும் இல்லை.

புயலில் மலை சரிந்து தண்ணிக் குழாய் அடித்துக்கொண்டு போனதும், பீலியில் ஒரு சொட்டு வராமல் நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். கரண்ட் கம்பமும் விழுந்துவிட்டது. அப்போதுதான் ஹமீத் முதலாளி, ஆமிப் பட்டாளத்தின் ஏலத்தில் எப்போதோ எடுத்துக் கடைக்குப் பின்னால் போட்டிருந்த அந்தப் பச்சை ஜெனரேட்டரை, ஆற்றிலிருந்து தண்ணி ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மகன் ஃபாஸில் லொறியில் கொளுவி அனுப்பினார். நல்ல மனுசன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்து நின்ற அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. அதன் முகமே சரியில்லை.

மச்சானுக்கோ தலைகால் புரியவில்லை. தேயிலை ஸ்டோரில் மெஷின் பிட்டர் வேலை செய்கிறவருக்கு அப்படி ஒரு மெஷின் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? டீசல் டாங்கியைத் திறந்தால் உள்ளே துருவும் டீசலும் கலந்து சீனிப்பாணி மாதிரி. அதைக் கழுவி ஊற்றினார். பில்டர் மாற்றினார். ஒரு பெட்டரியைப் போட்டுத் திருகினால் டிக் என்றதோடு சரி. ஃபாஸில் தகட்டைப் படித்துப் பார்த்து, இது இருபத்துநாலு வோல்ட் என்று சொல்லி, லொறியிலிருந்த இரண்டு பெட்டரியையும் கழற்றிக் கொடுத்தான். அப்புறம் சுற்றியது, பிடிக்கவில்லை. குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று மச்சான் நட்டுகளைத் தளர்த்தி விட, நுரை போய் வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பை அமுக்கியது நீதான். பெருவிரல் வீங்கிப்போய் என்னிடம் காட்டினாயே.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜிதரன் தண்ணி ஓடும் கான் மேட்டில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் வாய் உனக்குத் தெரியும். வயரிங் வேலை தெரிந்தவர்தான், ஆனால் ஒரு நல்ல வார்த்தையை நாலு கெட்ட வார்த்தைக்கு நடுவில் வைத்துத்தான் சொல்லுவார். கரட் பாத்தித் தண்ணிக்குச் சண்டை பிடித்து, "அழகுமுத்து, உன் கைய முறிக்காம விடமாட்டேன்" என்று போன வருசம் லயமே கேட்கக் கத்தியவர். அதற்குப் பிறகு மச்சான் அவர் முகத்தில் முழிப்பதில்லை. அன்றைக்கு அவர் அங்கிருந்தபடியே, மெஷின் றப்பர் டயருல நிக்குது, மொதல்ல அந்த இரும்பு அலவாங்க மண்ணுல எறக்கி அதுல கம்பியக் கட்டுடா மடையா, எர்த் இல்லாம ஓட்டாத என்றார். மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொல்லி இவர் கேட்பதா? அந்த வீம்புதான் எல்லாவற்றுக்கும் முதல்.

மெஷின் பிடித்ததும் மண் அதிர்ந்தது. கரும்புகை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பக்கத்தில் நிற்கிறவர் வாய் அசைகிறது, குரல் வரவில்லை. கரண்ட் காட்டும் மீட்டர் முள் மட்டும் எழும்பவில்லை. மச்சான் பெட்டரி வயரை மெஷினுக்குள் ஒரு தரம் தொட்டு எடுத்தார், முள் துள்ளியது. நீ கையைத் தட்டிவிட்டுத் தண்ணி வருகிறதா என்று ஆற்றுக்கு இறங்கினாய். பற்றை வெட்டக் கொண்டுபோன கவ்வாத்துக் கத்தி உன் கையில் இருந்தது.

இனி நீ பார்க்காததைச் சொல்கிறேன். மச்சான் தண்ணி மோட்டருக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு மெஷினின் இரும்புக் கதவைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். எஞ்சின் சத்தத்தைக் கவனிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே எலி கடித்த வயர் இரும்பு உடம்பில் முட்டி, மெஷின் முழுக்கக் கரண்ட். அவருக்கு வாய் திறக்கவில்லை, கை விடவில்லை. கால் சேற்றில். என் புருசன் என் கண்ணுக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கிறார், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

விஜிதரன்தான் கண்டார். மேட்டிலிருந்து பாய்ந்து வந்தார். நிறுத்துகிற கம்பி அதே இரும்புப் பெட்டிக்குள். மச்சானைத் தொட்டால் அவரும் ஒட்டிக்கொள்வார். கிடந்த பிக்காசின் மரப் பிடியை எடுத்து மச்சான் கையில் ஓங்கி அடித்தார். விடவில்லை. மறுபடியும் அடித்தார். எலும்பு முறிந்து கை மடங்கிய பிறகுதான் அவர் சேற்றில் விழுந்தார். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். மெஷினை நிறுத்த, அந்தக் கம்பியைத் தட்டிவிடப் பிடியை மறுபடி ஓங்கினார் விஜிதரன். நீ கரையேறியது அந்த நேரத்தில்.

உன் கத்தி அவர் மணிக்கட்டில் இறங்கியதை நான் பார்த்தேன். அதோடு விட்டார்களா? நம் பையன்கள் எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். பிரதாப் சப்பாத்துக் காலால் கண்ணில் மிதித்தான். ஒருவன் கல்லால் இடுப்பில் போட்டான். ரத்தம் சேற்றோடு கலந்து கானில் ஓடியது. மிதிபட்டுக்கொண்டே அவர் மற்றக் கையை மெஷின் பக்கம் காட்டிக் காட்டி ஆட்டினார். கெஞ்சுகிறார் என்று நினைத்து இன்னும் மிதித்தார்கள். கிட்டப் போகாதீங்க, தொடாதீங்க என்று சொல்லியிருக்கிறார் அந்த மனுசன். நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தச் சனியன் பிடித்த சத்தத்தில் யாருக்குக் கேட்டது? கடைசியில் அவர் மேலேயே விழுந்தேன். என் விலாவில் பட்ட உதை இன்னும் மூச்சு விடும்போது வலிக்கிறது. யார் உதைத்தது என்று நான் தேடவில்லை.

ஃபாஸில்தான் ஒரு தடியால் சாக்கைத் தள்ளி, மெஷின் காற்று இழுக்கிற வாயை அடைத்தான். மெஷின் இருமி இருமி நின்றது. காப்பாத்தினாருடா, கரண்ட்டுலருந்து காப்பாத்தினாருடா என்று நான் கத்தியது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. உன்னைத் தேடினேன். நீ மலையைத் தாண்டிவிட்டாய்.

மச்சான் கையில் கட்டோடு வீட்டில் இருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. விஜிதரன் கண்டி ஆஸ்பத்திரியில். வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வயரிங் கம்பி பிடித்துப் பிழைப்பு நடத்திய கை. மெஷினை இப்போது நுவரெலியாவிலிருந்து ஒருவர் வந்து சரி செய்து, எர்த்தும் போட்டுவிட்டார். பீலியில் தண்ணி வருகிறது. விஜிதரன் பெண்சாதி நிலக்ஷி அந்தத் தண்ணியைத் தொடுவதில்லை. குடத்தோடு ஆற்றுக்கு இறங்கி ஏறுகிறாள். நான் ஒரு குடம் கொண்டுபோய் வைத்தேன். என் காலடியிலேயே கவிழ்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நானாக இருந்தால் குடத்தால் மண்டையில் போட்டிருப்பேன்.

பொலிஸ் கேட்டும் விஜிதரன் உன் பேரைச் சொல்லவில்லை. நாங்களும் இன்னும் வாய் திறக்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. "அவன் பேரு அவன் வாயாலதான் வரணும்" என்கிறார். நான் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "கத்திய ஓங்கினப்ப அவன் மூஞ்சியப் பாத்து கரண்டு, கரண்டுன்னு கத்துனேன் தங்கச்சி. அவனும் என் வாயத்தான் பாத்தான். அவனுக்கு வெளங்குச்சா, இல்லையா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வெளங்கியிருக்காது அண்ணே, என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று அவர் காலைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தால் உன்னை உள்ளே போடுவார்கள். அதை மறைக்க மாட்டேன். எந்த ஜெயிலானாலும் சோறு கட்டிக்கொண்டு வருவேன், நீ வெளியே வரும் வரை வருவேன். ஃபாஸில் திரும்பும்போது லொறியில் முன் சீட்டில் உட்கார்ந்து வா. அவருக்குப் பதில் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு தரம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ, தம்பி. நான் அவரிடம் சொன்னது பொய்யில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

மாரியாத்தா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா,
அ. நாகலெட்சுமி