ஜான்சி வந்துகிட்டிருக்கா

என் ஜான்சி மதினிக்கு,

பறந்துவிட்டோம் மதினி. இதை முதலில் உன்னிடம் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

கல்லறைத் திருநாள் வருவதால் கோயில் மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரும்படி லில்லி அக்கா கேட்டார். "நீதான அவகூட ஒட்டிக்கிட்டே திரிஞ்ச, நீயே எழுது" என்றார். எனக்குப் பேச வராது, எழுதினால் கொஞ்சம் வரும். ஆனால் உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உனக்கு எழுதுவதுபோலத்தான் வருகிறது. நம் பங்குக் கோயிலில் எல்லாரும் படிப்பார்கள். சூப்பர்வைசர் சார் கையிலும் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கொடுக்கட்டும்.

மேல்காட்டுக்குப் போகிற ஜீப் இப்போதெல்லாம் சத்தமே இல்லாமல் போகிறது. நீ இருந்தவரைக்கும் அது ஜீப்பா? சாந்தன்பாறையில் வேறு எந்த எஸ்டேட் பெண்கள் காலையில் லிஸ்பனுக்கும் நைரோபிக்கும் போய்விட்டு அப்புறம் ஏலக்காய் எடுக்க இறங்கினார்கள்? பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நீ எழுந்து நிற்பாய்.

"பயணிகள் கவனத்துக்கு. நம்ம விமானம் இன்னிக்கு லிஸ்பன் போகுது. ஓட்டுறது கேப்டன் பாண்டி. கேப்டனுக்குப் பிரேக்கு மேல நம்பிக்கை இல்ல, அதனால எல்லாரும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கிடுங்க."

"ஏட்டி, லிஸ்பன்ல கஞ்சி கிடைக்குமா?" என்பார் சவரியம்மா பெரியம்மா.

"கஞ்சி இல்ல பெரியம்மா. மத்தி மீன நடுத்தெருவுல வச்சு சுட்டுத் தருவாங்களாம்."

"அப்பச் சரி. வண்டிய எடுக்கச் சொல்லு."

அந்த மத்தி மீன் சங்கதி நான் தேடிக் கொடுத்தது. ஊரைக் கண்டுபிடிப்பது நான், சொல்வது நீ. சாயங்காலம் போனில் ஒரு ஊர் கிடைத்துவிட்டால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் லயத்துச் சுவரை ஒரு தட்டுத் தட்டுவேன். நீ பதிலுக்குத் தட்டிவிட்டு வாசலுக்கு வருவாய். பிளஸ் ஒன்னில் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது நின்றபடி அழுதவள் நான். அந்த வருடமே அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதும், அதைக் காரணமாக வைத்துப் படிப்பை நிறுத்திக்கொண்டேன். என் வாயிலிருந்து வராததெல்லாம் உன் வாயிலிருந்து வந்தது. ஜீப்பில் எல்லாரும் சிரிக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டை விட்டுவிட்டு ஒரே ஒரு பையோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிற அந்தப் பெண்ணை நாம் போனில் பார்த்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? திரும்பி வருவதற்கென்று அவளுக்கு ஒரு இடம் இல்லை. போவதுதான் வேலையே. "முழு நேர ஊர்சுத்தி" என்று அதற்கு நீ பேர் வைத்தாய். நம்மால் முடியுமா என்று கேட்டேன். "நமக்கென்னட்டி, லயம் எஸ்டேட்டோடது. பொறந்ததுல இருந்தே சொந்த வீடு இல்ல. பாதி வேலை முடிஞ்சிருச்சு" என்றாய். அப்போது சிரித்தேன். இப்போதும் சில சமயம் தனியாக இருக்கும்போது சிரிப்பு வருகிறது.

விமானத்தின்மேல் நமக்கு எப்படி ஆசை வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏலக்காட்டில் வானமே தெரியாது. மேலே மரங்கள், கீழே செடி. காயோ செடியின் அடியில், மண்ணை ஒட்டி. குத்தவைத்துக் குனிந்து எடுக்கும்போது தலைக்கு மேலே விமானம் போகிற சத்தம் மட்டும் கேட்கும். நீ உடனே எழுந்து, போன வருடம் மரம் விழுந்து வானம் தெரிகிற இடத்துக்கு ஓடுவாய். நீ போவதற்குள் அது போயிருக்கும். "சத்தம் பிந்தித்தான வருது, நான் என்ன செய்ய?" என்று திரும்பி வருவாய். பிந்துவதைப் பற்றி நீ சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

காலையில் ஸ்டோர் முற்றத்தில் பேர் கூப்பிடும் நேரத்துக்கு நீ ஒருநாளாவது வந்திருக்கிறாயா? சூப்பர்வைசர் "ஜான்சி மேரி" என்பார். தலைமுடியைப் பின்னிக்கொண்டே நீ அப்போதுதான் லயத்துப் படியில் இறங்கிக்கொண்டிருப்பாய். இங்கே எல்லாரும் ஒரே குரலில், "வாரா சார், பின்னால வாரா, வந்துகிட்டிருக்கா!" அரைநாள் வேலை போய்விடக்கூடாதே. அது எங்களுக்கு செபத்துக்கு ஆமென் சொல்வதுபோல ஆகிவிட்டது.

அயல்கூட்டம் என்கிற நம் மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒருதடவை கொச்சியிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் போய்விட்டு ரயிலில் திரும்பலாம் என்று கிளப்பிவிட்டதே நீதான். டிக்கெட் போட்டபிறகு மழை தொடங்கியது. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். எலிக்காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது தாமதமாகிவிட்டது என்றார்கள். அதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

உன்னைப் புதைத்த மறுவாரம் சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டார். உனக்கு முந்தின பேரிலிருந்து நேரே என் பேருக்கு வந்துவிட்டார். நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை.

உன் டிக்கெட்டை என்ன செய்வது என்று கூட்டத்தில் யாருமே பேச்செடுக்கவில்லை. பஜாரில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு உன் விஷயம் தெரியாது. எல்லாருடைய போர்டிங் பாஸையும் அச்சடித்தபோது உன்னுடையதும் கூடவே வந்துவிட்டது. லில்லி அக்கா அதைக் கிழிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். அதனால் விமானக்காரர்களைப் பொறுத்தவரை நீயும் வரவேண்டிய ஆள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா என்னை உட்காரவைத்துப் பேசினார். "போயிட்டு வா. உன் மதினி ஆசைப்பட்டது, நான் தடுக்கல. ஆனா ஆசை அதோட தீந்துரணும். வந்ததும் எஸ்டேட்ல நிரந்தர வேலைக்குப் பேரு குடுத்துரு. எனக்கு சர்வீஸ் முடிஞ்சா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவான். நீ பேரு குடுத்தா வீடு நிக்கும்." நான் தலையாட்டினேன். எதற்குத்தான் நான் தலையாட்டாமல் இருந்திருக்கிறேன்?

விமான நிலையத்தை உனக்கு எப்படிச் சொல்ல? தரை நம் கோயில் பலிபீடம்போலப் பளபளத்தது. பெரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஏறுகிற வாசலில் நாங்கள் வரிசையாக நின்றிருந்தோம். அப்போது யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் கையில் வாக்கிடாக்கியோடு நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்து சத்தமாகக் கூப்பிட்டாள்:

"ஜான்சி மேரி! பெங்களூரு! ஜான்சி மேரி!"

"வாரா சார்!" என்றார் பெரியம்மா.

"பின்னால வாரா சார், வந்துகிட்டிருக்கா!" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னோம். நானும்தான். யாரும் யோசிக்கவில்லை மதினி. உன் பேர் காதில் விழுந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் சிரித்தாள். "எவிடே? வேகம் வரான் பறயு" என்று, சீக்கிரம் வரச் சொல்லும்படி மலையாளத்தில் சொல்லிவிட்டு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நாங்களும் திரும்பிப் பார்த்தோம். அத்தனை பேரும்.

பிறகுதான் பெரியம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கலெக்டரிடம்கூடக் கைநீட்டிப் பேசுகிற லில்லி அக்கா கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் மறுபடியும் உன் பேரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வரிசையை விட்டு நான் வெளியே வந்தேன்.

"ஜான்சி வரில்லா, சேச்சி."

"எந்து பற்றி? சுகமில்லே?" என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

"மரிச்சு போயி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் எல்லாரையும் பார்த்தாள். வாக்கிடாக்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஏதோ சொன்னாள். பிறகு என் தோளைத் தொட்டு, ஏறிக்கொள் என்பதுபோலக் கையைக் காட்டினாள். அதற்குப் பிறகு அவள் உன் பேரைக் கூப்பிடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒருதடவையாவது கூப்பிட்டிருப்பாள் இல்லையா? அன்றைக்கெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சன்னல் சீட் உன்னுடையது. எனக்கு நடுவில். உன் சீட்டைக் காலியாகவே விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சக்கரம் தரையை விட்டது. சன்னல் முழுக்க வெளிச்சம். என்னால் இருக்க முடியவில்லை, நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோபப்படாதே. கீழே ஆறு ஒரு நூலாகக் கிடந்தது. மேகத்துக்குள் புகுந்து மேலே வந்தபோது, மதினி, அங்கே எப்போதுமே வெயில்தான். நம் காட்டில் மழை கொட்டுகிற நாளிலும் மேலே வெயிலாகத்தான் இருந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, நீ இருந்திருந்தால் இந்தச் சன்னல் எனக்குக் கிடைத்திருக்காது என்பது நினைவுக்கு வந்தது.

பெரியம்மா பணிப்பெண்ணின் கையைப் பிடித்து, "ஏம்மா, சாந்தன்பாறை வந்தா ஒரு குரல் குடு" என்றார். ஒரு இடத்தில் மலைகள் தெரிந்தன. நம் மலையா என்று தெரியாது. பச்சையாக, மூடிக்கிடந்தது. கீழே இருந்து வானம் தெரியாததுபோல, மேலே இருந்து தரையும் தெரியவில்லை.

பெங்களூரில் கடைசியாக இறங்கியது நாங்கள்தான். அப்போது விமானத்தைச் சுத்தம் செய்கிற பெண்கள் ஏறினார்கள். ஏறியதும் சீட்டுகளுக்கு நடுவில் குத்தவைத்து, அடியில் கையை விட்டு, குப்பையை எடுத்துப் பையில் போட்டார்கள். நாம் காய் எடுப்பதுபோல, அப்படியே அதே மாதிரி. ஒரு அக்கா தமிழ் பேசினார். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "இந்த வேலைக்கு எப்பிடிக்கா வரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"பத்தாவது பாஸா? பதினெட்டு ஆச்சா? அப்ப கொச்சியிலயே கேளு, ஆள் எடுத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. முதுகு வலிக்கும், சொல்லிட்டேன்."

"முதுகு பழகிருச்சுக்கா" என்றேன். அவர் சிரித்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் எல்லாரும் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, "ஆசை தீந்துச்சுப்பா, இனி செத்தாலும் பரவால்ல" என்று பேசிக்கொண்டார்கள். மனசு நிறைந்த முகங்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு ஒன்றுமே தீரவில்லை மதினி. போகும்போது இருந்ததைவிட அதிகமாகிவிட்டது. ஒருதடவை பறந்தால் போதாது என்பது புரிகிற ஆள் இந்த லயத்தில் இன்னொருத்திதான் இருந்தாள். அவளை மண்ணுக்குள் வைத்துவிட்டுத்தான் நான் பறக்கப் போயிருந்தேன்.

வந்த அன்று சாயங்காலம் யோசிக்காமல் சுவரைத் தட்டிவிட்டேன். அந்தப் பக்கம் உன் அப்பா, என் மாமா, "யாரு?" என்று கேட்டார். நான் கையை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

நேற்றுத்தான் அம்மா கேட்டார். "தீந்துச்சா?"

எப்போதும்போலத் தலையாட்டியிருக்கலாம்.

"தீரலம்மா."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொச்சியில் அந்த வேலையைக் கேட்கப் போகிறேன், நிரந்தரத்துக்குப் பேர் கொடுக்கவில்லை என்று சொன்னேன். முழுசாகச் சொல்லி முடித்தேன்.

"வீடு?" என்றார்.

"எனக்கு வேலை கிடைச்சா அங்க ஒரு ரூம் எடுத்து உங்களக் கூட்டிக்கிடுவேன்."

"அந்த வேலையில பறக்க விடுவானா?"

"இல்லம்மா. உள்ள ஏறி இறங்கலாம். அம்புட்டுத்தான்."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தார். பிறகு, "மேல இருந்து பாத்தா நம்ம லயம் தெரிஞ்சுதாட்டி?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "ஒண்ணுமே தெரியலயா?" என்றார். எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை கொச்சிக்குப் போகிறேன். துணைக்கு யாரும் இல்லை. கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. இந்த முறை கிடைக்காவிட்டால் மறுபடியும் போய்க் கேட்பேன். முதலில் விமானத்துக்குள் குனிவேன், அப்புறம் ஒருநாள் சீட்டில் உட்காருவேன், அப்புறம் இறங்காமல் போய்க்கொண்டே இருப்பேன். நாம் குறித்த ஒரு ஊரைக்கூட விடமாட்டேன். லிஸ்பனில் மத்தி மீன் வாங்கி இரண்டு பேருக்கானதையும் நானே தின்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ஆனால் நேரமாகும் மதினி. எங்கேயாவது ஒரு ஊரில், வாசலை மூடப்போகிற நேரத்தில், யாராவது என் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். நான் ஓடி வந்துகொண்டிருப்பேன். அப்போது நீ எனக்காக ஒரு குரல் கொடு:

"வாரா சார். பின்னால வாரா. வந்துகிட்டிருக்கா."

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உன் அத்தை மகள்
அமலி