பதினான்காம் எண் அறையில் எவரும் குடிக்கவில்லை என்பது குறித்து

அனுப்புநர்:
ஆய்வறிக்கையின் ஆறாவது பத்தியில் "படிக்கட்டில் இருந்த நபர்" எனக் குறிப்பிடப்பட்டவர்,
மெய்ப்புத் திருத்துநர், பாடநூல் அச்சகம்.
(பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில் தனியே உள்ளன.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: இரண்டாம் மாடி, பதினான்காம் எண் அறை – செவ்வாய்க்கிழமைக் கூட்டம் – ஒதுக்கீடு ரத்து – அறிக்கையில் ஒரு பிழை – பிழைக்குக் காரணம் நான் – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சொத்துப் பிரிவு ஆய்வாளரின் அறிக்கை.
2. அறைக் கதவில் ஒட்டப்பட்ட ரத்து ஆணை (ஒரு மூலை கிழிந்துள்ளது, கிழித்தது நாங்கள் அல்ல).

மதிப்பிற்குரிய அய்யா,

1. தங்கள் அலுவலகக் கட்டடத்தின் பதினான்காம் எண் அறை, நான்கு ஆண்டுகளாகச் செவ்வாய்தோறும் மாலை ஆறு முதல் ஏழரை வரை ஒரு கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. குடியை விட விரும்புகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். வேறொன்றும் நடக்காது. அந்த ஒதுக்கீடு ரத்து செய்யப்பட்டுவிட்டது.

2. காரணம், ஆணையின் சொற்களிலேயே: "மேற்படி அறை குடிப்பழக்கம் உள்ளோர் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டதாகும். ஆய்வின்போது அறையில் பதினொரு பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர்கூட மது அருந்திய நிலையில் காணப்படவில்லை. எனவே, அறை ஒதுக்கப்பட்ட நோக்கத்துக்குப் பயன்படவில்லை என முடிவு செய்யப்படுகிறது."

3. பிழை பார்ப்பது என் தொழில். இந்தப் பத்தியை நான்கு முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதன் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இறங்குகிறது. ஆய்வாளர் கண்டதும் உண்மை. முடிவு மட்டும் தலைகீழாக நிற்கிறது. நீச்சல் பள்ளிக்குப் போய், எவரும் மூழ்கவில்லையே, பிறகு எதற்கு இந்தப் பள்ளி என்று கேட்டதைப் போல.

4. ஆய்வாளர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க குடிக்கிறவங்க யாரு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த அறையில் வாரந்தோறும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. ஒரு வாரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்து வைத்திருந்த பதிலைத்தான் அவர்கள் சொன்னார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர், பணியிடை நீக்கத்தில் இருப்பவர், எழுந்து நின்றே சொன்னாராம்: "சார், இந்த ரூம்ல ஒருத்தரும் குடிக்கிறதில்ல சார். வேணும்னா ஊதிக் காட்டறோம்." பதினொரு பேரும் வரிசையாக ஊதிக் காட்டினார்கள். சிலர் இரண்டு முறை. பெருமையில்.

5. அந்தப் பெருமையே ஆதாரமாகிவிட்டது.

6. இனி என் விஷயம். அறிக்கையின் ஆறாவது பத்தி: "அறைக்கு வெளியே, படிக்கட்டில் அமர்ந்திருந்த நபர் மட்டும் மது அருந்திய நிலையில் காணப்பட்டார். தாம் மேற்படி கூட்டத்தின் உறுப்பினர் அல்லர் என்றும், பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவுக்கு வந்திருப்பதாகவும் அவரே தெரிவித்தார்."

அந்த நபர் நான்.

7. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அறிக்கையில் குடித்தவர் ஒருவர் இருந்திருப்பார். நோக்கம் நிறைவேறியிருக்கும். அறை இன்று திறந்திருக்கும். நாலு சொற்களில் ஒரு பொய் சொன்னேன்: "பர்த் சர்டிபிகேட்டுக்கு வந்தேன் சார்." ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கவுண்டர் நாலு மணிக்கே மூடியாச்சேப்பா." நான் சொன்னேன்: "பரவால்ல சார், வெயிட் பண்றேன்."

8. பொய் என்னுடையதுகூட அல்ல. அக்காவுடையது. அக்கா மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். தங்கள் அலுவலகப் பலகையில் கூட்டத்தின் அறிவிப்பைப் பார்த்திருக்கிறாள். நேராகச் சொன்னால் வரமாட்டேன் என்று, "உன் சர்டிபிகேட்ல அப்பா பேரு தப்பா இருக்குடா, திருத்தணும், வா" என்று அழைத்து வந்தாள். இரண்டாம் மாடி ஏறும்போதே புரிந்துவிட்டது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இழுக்கவில்லை. "உள்ள போக வேணாம். இங்கயே உக்காரு. படி எல்லாருக்கும் பொது" என்றாள். அப்படியே நான்கு செவ்வாய்கள் உட்கார்ந்தேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும். இடையிடையே சிரிப்பு கேட்கும். குடிகாரர்கள் குடிக்காமல் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது பெரிய புதிராக இருந்தது.

9. உறுப்பினர் அல்ல என்று நான் மனமார நம்பினேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். என்னிடம் விதிகள் இருந்தன. வேலை முடிந்த பிறகே குடிப்பேன் என்பது முதல் விதி. அதை ஒருநாளும் மீறியதில்லை. வேலை முடியும் நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினேன். கடைசியில் காலை பத்தரைக்கே வேலை முடிந்தது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் "மதுவின் தீமைகள்" என்று ஒரு பாடம் உண்டு. அதற்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். மேசை இழுப்பறையில் குடுவை. ஏழு பிழைகள் கண்டுபிடித்தேன். எட்டாவது பிழை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது என் கண்ணில் படவில்லை.

10. ஆய்வுக்கு அடுத்த செவ்வாய், அறைக்குப் புதுப் பூட்டு. உள்ளே பழுதான நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். நல்ல நாற்காலிகளையும் பழுது என்று எழுதி உள்ளேயே வைத்துவிட்டார்கள். பழைய சாவியை வைத்திருந்தவர் ஒரு தையல்காரம்மா. ஒன்பது ஆண்டுகளாகக் குடிக்காதவர். பூட்டைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு, "சரி, கால் வலிக்குது" என்று படியில் உட்கார்ந்தார். என் படியில். எனக்கு அடுத்து. மற்ற பத்துப் பேரும் மேலும் கீழுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் நான்.

எழுந்திருக்க வழியில்லை. எழுந்தால் நான்கு பேர் நகர வேண்டும்.

அய்யா, நான் அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. கூட்டம் வெளியே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொருவராகப் பேசி என் முறை வந்தபோது, "நான் பர்த் சர்டிபிகேட்..." என்று தொடங்கினேன். ஓட்டுநர் சொன்னார்: "பரவால்ல தம்பி. நான் முத மாசம் பூரா தண்ணி வரி கட்டத்தான் வந்தேன்." சிரிப்பு எதற்கு என்று அன்று தெரிந்தது.

11. மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஒரு செவிலியர் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வருவார். அன்று அவர் வரும் நாள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். "திடீர்னு நீங்களா நிறுத்திடாதீங்க. உடம்பு தாங்காது, ஆபத்து. வியாழக்கிழமை வாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார். போனேன். மருத்துவர் குடியைப் பற்றிக் கேட்டதைவிடத் தூக்கத்தைப் பற்றி அதிகம் கேட்டார். கடைசியாக எப்போது எதற்காவது ஆசைப்பட்டேன் என்று கேட்டார். ஆண்டு ஆண்டாகப் பின்னால் போய்த் தேடினேன். மனச்சோர்வு என்று எழுதினார். குடிக்கு முன்பே அது இருந்திருக்கிறது. காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே கல்லை வைப்போமே, அப்படிக் குடியை அதன்மேல் வைத்திருந்தேன். இப்போது இரண்டுக்கும் மருந்து சாப்பிடுகிறேன். மேசை முழுக்கக் காகிதம் பறக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடிக்கிறேன்.

12. படிக்கட்டில் இரண்டு செவ்வாய்கள் கூடினோம். மூன்றாம் செவ்வாய் காவலாளி வந்து, "படியில கூட்டம் போடக்கூடாது, மேல ஆர்டர்" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்; அவர் மைத்துனர் எங்களில் ஒருவர். எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்துக்குப் போனோம். அங்கே பேசுவது எளிதல்ல. ஒருவர், "என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு நான்..." என்று தொடங்கும்போது பேருந்து வந்து நிற்கும். நடத்துநர், "ஏறுறீங்களா இல்லையா?" என்பார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்போம். நடத்துநர்கள் எங்களைத் தவறாக நினைத்திருக்கிறார்கள். உண்மையாகவே பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி எங்கள் பேச்சைக் கேட்டு, இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு, தன் கணவரைப் பற்றிப் பேசி அழுதார். இப்போது வாரந்தோறும் வருகிறார். எண்ணிக்கையில் அவரையும் சேர்க்கவும்.

13. நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மதுக்கடை இருக்கிறது. அங்கே குடிக்காத நிலையில் எவரும் காணப்படுவதில்லை. அது ஒதுக்கப்பட்ட நோக்கத்துக்கே பயன்படுகிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

14. இந்த மனுவை நான் எழுதுவதற்கான காரணம் இனிமேல்தான் வருகிறது.

நான்காம் செவ்வாய் ஓட்டுநர் ஒரு யோசனை சொன்னார். "குடிச்சவன் ஒருத்தன் இருந்தா ரூம் தருவாங்கன்னா, நானே குடிச்சிட்டு வந்து உக்காந்துடறேன். ஒரு நாள்தானே." எல்லோரும் சிரித்தோம். தையல்காரம்மா சிரிக்கவில்லை. "ஒரு நாள்தானேன்னு சொல்லிச் சொல்லித்தானேய்யா உனக்குப் பன்னெண்டு வருஷம் போச்சு" என்றார். அப்போதுதான் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தோம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதன்பின் மூன்று செவ்வாய்கள் அவர் வரவில்லை. முதல் வாரம் தொலைபேசியை எடுத்தது அவர் மகள். "அப்பா தூங்குறாங்க." மாலை ஆறே கால். எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

15. நேற்று அவரே எடுத்தார். குரல் தடித்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தம்பி, ரூம் இருந்தா வரேன். பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் கூப்பிடாதே. அந்த ரூட்ல போற வண்டி எல்லாம் எங்க ஆளுங்க ஓட்டுறது. ஒவ்வொருத்தனும் ஹாரன் அடிச்சுட்டுப் போறான்" என்றார். ஹாரன் அடித்தது அன்பால்கூட இருக்கலாம். அவருக்கு அப்படிக் கேட்கவில்லை.

பதினொரு மாதங்கள் குடிக்காமல் இருந்தவர் அவர். நான் நாலு சொற்கள் சொன்னேன்.

16. ஆகவே கீழ்க்கண்டவாறு கோருகிறேன்.

(அ) அறிக்கையின் ஆறாவது பத்தியில் "உறுப்பினர் அல்லர்" என்பதை "உறுப்பினர்" என்று திருத்த வேண்டும். ஆதாரமாக என் பிறப்புச் சான்றிதழின் நகலை உறையில் வைத்துள்ளேன். எல்லா வரிகளையும் சரிபார்த்துவிட்டேன். அதில் பிழையே இல்லை. எனவே அன்று அந்தப் பிரிவில் எனக்கு வேலை இருந்திருக்க முடியாது.

(ஆ) ரத்து ஆணையைத் திரும்பப் பெற்று, வரும் செவ்வாய்க்குள் அறையைத் திறந்துவிட வேண்டும். நாற்காலிகளை நாங்களே இறக்கிவைப்போம். பழுதானவற்றில்கூட உட்காருவோம், பழக்கம்தான்.

(இ) குடித்த நிலையில் ஒருவராவது இருந்தே தீரவேண்டும் என்பது விதியானால், என்னைக் காட்ட இயலாத நிலைக்கு வருந்துகிறேன். இன்றோடு நாற்பத்தொரு நாட்கள்.

17. ஆனால் அதற்கும் வழி பிறந்திருக்கிறது. நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு, பூட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டாம் மாடிக்குப் போனேன். பாதிப் படியில், நான் உட்காரும் அதே இடத்தில், ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை. சவரம் செய்த முகம். வாடை. தலை மட்டும் நிமிரவில்லை. கீழே பலகையில் எங்கள் பழைய அறிவிப்பை இன்னும் எவரும் கிழிக்கவில்லை. என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டேன். சொத்து வரி என்றார். கவுண்டர் நாலு மணிக்கே மூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு பேருந்து நிறுத்தத்துக்குக் கூப்பிட்டேன். "இல்ல, வரி கட்டணும்" என்றார்.

அவர் இன்னும் உறுப்பினர் அல்லர். எத்தனை செவ்வாய் ஆகும் என்று சொல்ல முடியாது. அதுவரை அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அடியில் வெளிச்சம் தெரியும் ஒரு கதவு வேண்டும்.

அதைத் திறந்துவைக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது.

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் நகல், மருத்துவரின் குறிப்பு, பழைய சாவி (பூட்டையும் பழையதாக மாற்றினால் போதும்).

நாள்: புதன், நாற்பத்தொன்றாவது.
இடம்: இரண்டாம் மாடிக்குப் போகும் படி.

இப்படிக்கு,
(ஒப்பம்)
உறுப்பினர்.